விழா முடிந்த மறுநாள் வீதி



பட்டினப்பாலையைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் ஓரிடத்தில் சிரித்துவிடுவார்கள். காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடம் அது. ஊருக்கெல்லாம் சோறு வடிக்கிறார்கள். வடித்த கஞ்சி ஆறுபோல வீதியில் ஓடுகிறது. அதில் எருதுகள் பொருது மிதிக்க வீதி சேறாகிறது. பின்னர் சேறு காய்ந்து, தேர்கள் ஓட, புழுதி கிளம்புகிறது. அந்தப் புழுதி போய்ச் சித்திரம் தீட்டிய வெள்ளை மாளிகைச் சுவர்களில் அப்பிக்கொள்ள, அம்மாளிகைகள் உடம்பில் நீறு பூசிய யானைகள் போலத் தோன்றுகின்றன. "சேர், அந்தக் காலத்திலும் குப்பைதானோ?" என்று பின்வாங்கிலிலிருந்து ஒரு குரல் வரும். பரீட்சைக்கு வராத கேள்வி. ஆனால் நல்ல கேள்வி. இன்றைய உரைக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

புலவர் அதைக் குறையாகப் பாடவில்லை, ஊரின் வளமாகப் பாடினார் என்று உரைகாரர் வழிநின்று சொல்லிவிடலாம். சொல்லிவருகிறோம். எனினும் ஒன்று கவனியுங்கள். கஞ்சி எங்கே போயிற்று, அது என்னவாயிற்று, கடைசியில் யாருடைய சுவரில் படிந்தது என்று நான்கு படிகளையும் விடாமல் பின்தொடர்ந்த கண் அது. விருந்தைப் பாடுபவர்கள் பெரும்பாலும் இலையோடு நின்றுவிடுவார்கள். இவர் வடிகாலையும் பார்த்திருக்கிறார்.

பரிபாடல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. உ. வே. சாமிநாதையர் 1918இல் அந்நூலைப் பதிப்பித்தபோது நமக்குக் கிடைத்த செல்வங்களுள் வையைப் பாட்டுக்கள் தலையானவை. புதுப்புனல் வர, மதுரை முழுவதும் ஆற்றில் இறங்கிவிடுகிறது. சந்தனம், குங்குமம், மாலை, கள், தேன் எல்லாம் நீரில் கலக்கின்றன. அவற்றுள் ஒரு பாட்டிலே வருகிறது: கள் கலந்து ஈ மொய்க்கிறது என்று பார்ப்பார் நீராடலை ஒழிந்தனர், மைந்தரும் மகளிரும் பூசிய மணப்பொருள்கள் விரவின என்று அந்தணர் தோய்ந்திலர், தேன் கலந்து வழுவழுத்தது என்று ஐயர் வாய் கொப்புளிக்கவும் மறுத்தனர். விழாவினால் நீர் கெட்டது என்று தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்றாகலாம் என்பது எனது எண்ணம். நீரைக் கெடுத்தவர்களும் விழாக் கொண்டாட வந்தவர்களே, குறைபட்டவர்களும் அதே ஆற்றுக்கு வந்தவர்களே. இன்றுவரை நிலைமை அதுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு. கஞ்சி, கள், தேன், சந்தனம், பூ – இவற்றுள் எதுவும் அடுத்த மழைக்கு மிஞ்சாது. வையை இரண்டு நாளில் அவற்றைத் தின்று தீர்த்திருக்கும். பின்வாங்கில் மாணவனுக்கு நான் சொல்லும் பதிலும் இவ்வளவுதான். குப்பை அன்றும் இருந்தது, ஆனால் அது சாகத் தெரிந்த குப்பை.

இனி நமது நல்லூருக்கு வருவோம். ஆடி அமாவாசைக்குப் பின் கொடியேறி ஆவணி அமாவாசையை ஒட்டி நிறைவுறும் இந்த மகோற்சவம் 25 நாள் நடப்பது. மணிமேகலையின் இந்திரவிழாவோ 28 நாள். மூன்று நாள்தான் குறைவு. சாத்தனாரின் விழாவறை காதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: முரசை யானையின் பிடரியில் ஏற்றி, நகரம் என்ன செய்யவேண்டும் என்று அறிவிக்கிறார்கள். பூரணகும்பம் வையுங்கள், வாழையும் கமுகும் கரும்பும் நடுங்கள், வீதியிலும் மன்றத்திலும் பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்கிறது அந்த அறிவிப்பு. சமயவாதிகள் தத்தம் வாதத்தை உரிய இடத்தில் வைத்துக்கொள்ளட்டும், பகைவரோடும் சினம் வேண்டாம் என்றும் சொல்கிறது. அதாவது விழாவுக்கு ஊரைத் தயார்செய்வது என்பது வீதியையும் மனத்தையும் ஒருங்கே கூட்டித் துப்புரவாக்குவது.

நல்லூரிலே அந்த மணல் இன்றும் பரப்பப்படுகிறது. தார்வீதியின் மேல் மணல் இட்டு, வாகனங்களை மறித்து, வீதியை மீண்டும் கால்களுக்கு உரியதாக்குகிறார்கள். அதிகாலையில் ஆடவர் அங்கப்பிரதட்சணம் செய்வதும், பெண்கள் அடியழிப்பதும் அந்த மணலில்தான். வெற்றுடம்போடு மனிதர்கள் உருள்கின்ற ஒரு வீதியில் முந்தின இரவு எதைப் போட்டோம் என்று யோசித்தால் போதும். சுற்றாடல் பற்றிய பெரிய விளக்கம் வேண்டியதில்லை. ஐஸ்கிறீம் கரண்டி, குளிர்பானப் போத்தல் மூடி, கச்சான் கட்டிய பொலித்தீன் பையின் முடிச்சு. இவற்றின்மேல் ஒருவர் நேர்த்திக்காக உருண்டு வருகிறார்.

கச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. திருவிழாவுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் வந்தால் கோயிலுக்குப் போனதாகவே நமது வீடுகளில் கணக்கில்லை. முன்னர் அது பழைய கொப்பித் தாளில் சுற்றிய சரையில் வந்தது. தின்று முடித்தபின் சரையைப் பிரித்து, அதில் யாரோ ஒரு பிள்ளை பிழையாகச் செய்த கணக்கை வாசிக்கும் இன்பமும் இருந்தது. (நான் தமிழ் எழுத்துக்கூட்டி வாசித்தவற்றுள் சரைகளின் பங்கு சிறிதன்று.) கச்சான் கோதுக்கும் சரைக்கும் மண்ணோடு மண்ணாகச் சில வாரம் போதும். இன்று கோது மட்டும் அந்த வழக்கத்தை விடவில்லை.

இது அழகுணர்ச்சி பற்றிய குறை மட்டுமாக இருந்தால் வானொலியில் இவ்வளவு நேரம் கேட்டிருக்கமாட்டேன். நாம் குடியிருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். குடாநாட்டிலே வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். நிலாவரைக் கிணற்றில் எட்டிப் பார்ப்பவருக்கும், கீரிமலையில் கடலருகே நன்னீர் ஊறிவருவதைக் கண்டவருக்கும் இந்த நிலத்தடி வழிகள் எவ்வளவு திறந்தவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. களிமண் பூமியில் நஞ்சு மெல்ல இறங்கும். இங்கே அது ஓடும். கோயில் வெளியில் குழி தோண்டி மூடிவிட்டோம், கொளுத்திவிட்டோம் என்று நிம்மதியடைவோமாயின், சாம்பலிலும் குழியிலும் மிஞ்சியது மாரியோடு யாருடைய கிணற்றுக்குப் போகிறது என்பதை உருத்திரங்கண்ணனாரின் கண்ணால்தான் பின்தொடரவேண்டும்.

அப்படியானால் பழையபடி வாழலாமே என்பவர் உண்டு. மூக்குப்பேணியும் பனையோலைப் பிளாவும் போதாதா என்று என்னையொத்த தமிழாசிரியர்கள் மேடைகளில் உருகுவதுண்டு. இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

திருவிழாக் காலத்துத் தண்ணீர்ப் பந்தல் நமது அழகிய அறங்களில் ஒன்று. கிடுகுப் பந்தல், மண்ணில் புதைத்த பெரிய பானைகள், மோர், சர்க்கரைத் தண்ணீர், ஊறுகாய்த் தண்ணீர். யாரும் காசு கேட்பதில்லை. அங்கே புழங்கிய மூக்குப்பேணி வெகு நேர்த்தியான பாத்திரம். உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு என்றே மூக்கு வைத்தது. ஆனால் உதட்டில் படாமை என்ற அதே எண்ணம் இன்னொரு வழியாகவும் போனது. இந்தப் பாத்திரம் இன்னாருக்கு இல்லை என்றும் ஆயிற்று. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப்பேணி, போத்தல், சிரட்டை என்றிருந்த காலம் நமது பெற்றோர் கண்ட காலம். கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1960களில் தேநீர்க் கடைப் பிரவேசமும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசமும் போராட்டங்களாகத்தான் நடந்தன.

ஆகையால், ஒருவர் குடித்ததும் எறிந்துவிடும் பிளாஸ்ரிக் குவளை இந்த மண்ணுக்கு வந்தபோது அது சிலருக்கு வெறும் வசதியாக மட்டும் வரவில்லை. யார் குடித்த பாத்திரம் என்ற கேள்வியே எழாத பாத்திரமாக வந்தது. வரிசையில் எல்லாருக்கும் ஒரே குவளை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். குவளையைத் தடைசெய்யும்போது, அது வெளியே துரத்திய பழக்கம் பின்கதவால் உள்ளே வராமல் பார்ப்பதும் நமது வேலையாகிறது. பசுமை என்ற பெயரில் வரும் எல்லாப் பழமையும் ஏற்கத்தக்கதன்று என்பது எனது துணிபு.

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். பிளாஸ்ரிக் வேண்டாம், எவர்சில்வர் தம்ளர் என்று முடிவாயிற்று. தம்ளர் இரவல் வாங்குவதில் சிக்கல் இல்லை. யார் கழுவுவது என்பதில்தான் கூட்டம் ஒன்றரை மணித்தியாலம் நீண்டது. யாராவது ஒரு அம்மாவைக் கூலிக்குப் பிடிக்கலாம் என்று ஒருவன் சொன்னான். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி – பக்கத்துப் பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்தவள் – எழுந்து, "ஊத்திக் குடுக்கிற ஆளே அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கழுவவேணும், முறை வைப்பம்" என்றாள். அப்படியே நடந்தது. மூன்று தொட்டி: ஒன்றில் அலசல், ஒன்றில் சுடுநீர், ஒன்றில் நல்ல தண்ணீர். ஊற்றிக்கொடுக்க முண்டியடித்தவர்களில் பாதிப்பேர் கழுவும் முறை வந்ததும் காணாமற் போனார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். மிச்சப்பேர் நின்றார்கள். கழுவிய தண்ணீரைப் பந்தலுக்குப் பின்னால் நின்ற வாழைகளுக்கு வாய்க்கால் வெட்டி விட்டார்கள். பட்டினப்பாலையில் கஞ்சிக்கு அப்படியொரு வாய்க்கால் வெட்டியிருந்தால் நமக்கு ஒரு நல்ல உவமை இல்லாமற் போயிருக்கும்.

எறிந்ததைப் பொறுக்குவதும் இதே கேள்விதான். தேர் முடிந்த இரவு நாம் வீட்டுக்குப் போய்க் கால் கழுவி உறங்குகிறோம். அந்நேரம் மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் வீதியில் இறங்குகிறார்கள். காலையில் வீதி சுத்தமாக இருப்பதைக் கண்டு நாம் முருகனைப் புகழ்கிறோம்.

சட்டங்கள் இல்லாமலில்லை. இலங்கையிலே 2017 செப்ரெம்பரிலிருந்து உணவு சுற்றும் பொலித்தீன் தாளுக்கும் றெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் தடை வந்தது. சமய, சமூக விழாக்களில் பொலித்தீன் அலங்காரம் கூடாது என்பதும் அதனோடு சேர்ந்து வந்ததே. 2021 மார்ச்சு 31 முதல் காற்றடைத்த விளையாட்டுப் பொருள்கள் தடையாயின, பலூனுக்கும் பந்துக்கும் விலக்கோடு. 2023 ஒக்ரோபரில் உறிஞ்சு குழல், தட்டு, குவளை, கரண்டி, பிளாஸ்ரிக் மாலை, பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு ஆகியன சேர்ந்தன. இடியப்பத் தட்டு அந்தப் பட்டியலில் இருந்ததைப் பார்த்து நான் வியந்தேன். ஈர்க்கிலும் பிரம்பிலும் தட்டுப் பின்னிய ஊர்களில் அரசாங்கம் வந்து சொல்லவேண்டியதாயிற்றே என்றுதான். சட்டம் கொழும்பிலே அச்சாகிறது, கச்சான் கடை நல்லூரிலே இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நேயர்கள் அறிவார்கள். சிறு கடைக்காரரைப் பிடித்துத் தண்டம் போடுவது எளிது. அவருக்குச் சரை சுற்றத் தாள் மலிவாகக் கிடைக்க வழிசெய்வதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை.

திறந்தவெளி விழா என்றால் என் மனத்தில் முதலில் நிற்பது நல்லூர்கூட அல்ல, மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பிறந்த ஊர். பங்குனித் திங்கட்கிழமைகளில் குடாநாட்டின் பல பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அரிசி, பானை, விறகு, மரக்கறி எல்லாம் கையோடு. மர நிழலில் கல் வைத்து அடுப்பு மூட்டிப் பொங்குவார்கள். சோறும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்துப் படைத்து, அங்கேயே இருந்து உண்பார்கள். மட்டுவில் கத்தரிக்காயின் பெயர் ஊருக்கு முன்னே போவது. பங்குனி வெயில், புகை, பிள்ளைகளின் அழுகை, அடுத்த அடுப்புக்காரரிடம் உப்புக் கடன். பூசகரும் உபயகாரரும் நடத்த நாம் பார்த்து நிற்கும் விழா அன்று அது. வந்தவர் ஒவ்வொருவரும் தாமே செய்யும் விழா. அதனால் அங்கே மிஞ்சுவதும் வீட்டு அடுப்பில் மிஞ்சுவதுதான்: சாம்பல், வாழையிலை, கத்தரிக்காய்க் காம்பு. அண்மைக் காலத்தில் அவற்றோடு போத்தல்களும் கிடக்கக் காண்கிறேன். அவை பெரும்பாலும் சமைக்க வந்தவர்களுடையவை அல்ல, பார்க்க வந்தவர்களுடையவை என்று எனக்கொரு சந்தேகம். தன் கையால் மூன்று கல்லைத் தேடி வைத்து ஊதி ஊதிச் சமைத்தவளுக்கு அந்த இடம் அரை நாளைக்காவது சொந்த வீட்டு முற்றம். முற்றத்தில் யாரும் எறிவதில்லை.

வல்லிபுரத்தில் நிலைமை வேறு. புரட்டாதிப் பூரணையில் ஆழ்வார் கடலாடப் போகும்போது பெருங்கூட்டம் மணற்குன்றுகளைக் கடந்து நடக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை நடத்தும்போது அந்த மணல்வெளியை நினைக்காமல் என்னால் நடத்த முடிவதில்லை. மாதவியும் கோவலனும் இருந்த புன்னை நீழல், சுற்றிலும் விளக்குகள், கடைகள். வல்லிபுரத்து மணலில் 1936இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. வசப மன்னன் காலத்தது என்பர். ஏறக்குறையப் பதினெட்டு நூற்றாண்டு அந்த மணல் அதைக் காத்து வைத்திருந்து கொடுத்தது. மணல் தன்னிடம் கொடுத்ததைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கும், தண்ணீர்ப் போத்தலையும் சேர்த்து. நூற்றாண்டுகள் கழித்து அங்கே தோண்டப்போகும் ஆய்வாளர் நமது காலத்து எழுத்தாக எதை வாசிப்பார் என்று எண்ணிப்பார்த்தேன். குளிர்பானக் கம்பனியின் பெயரைத்தான்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் பேசவேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். ஒலிபரப்பு நிலையத்துக்குள் இருந்துகொண்டு அதைச் சொல்வது அவ்வளவு பொருத்தமில்லை. செல்வச்சந்நிதியில் பூசகர் வாயை வெண்துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் மௌனமாகப் பூசை செய்கிறார், அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

முடிக்குமுன் தோரணத்தைப் பற்றி. பிளாஸ்ரிக் மாலைக்குத் தடை வந்தபின் எங்கள் ஊர்க் கோயிற் கொடியேற்றத்துக்குக் குருத்தோலைத் தோரணமே கட்டுவது என்று பரிபாலன சபை தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் கட்டத் தெரிந்தவர் ஊரில் ஒருவரே இருக்கிறார் என்பது தெரிந்தது. எண்பதைத் தாண்டியவர். நான் ஏழெட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அவரது திண்ணைக்குப் போனேன்.

"மாஸ்ரர், செத்தவீட்டுத் தோரணம் கட்ட இப்பவும் ரண்டு மூண்டு பேர் இருக்கினம்" என்றார். "நல்ல காரியத்துக்குத்தான் எல்லாரும் கடையில வாங்கத் துவங்கீட்டினம்."

வீட்டில் சாவு விழுந்தால் தென்னங்குருத்துத் தேடுகிறோம். சாமி வீதியுலா வந்தால் மின்னும் தாளைத் தேடுகிறோம். நான் இதைக் கவனித்ததே இல்லை. அவர் குருத்தை இரண்டாக வகிர்ந்து, மடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, கண்மூடித் திறக்குமுன் ஒரு குருவியைக் கையில் வைத்திருந்தார். மங்கலத் தோரணத்தில் குருவிகள் மேல்நோக்கி நிற்கவேண்டும், அமங்கலத்தில் கீழ்நோக்கும் என்று இரண்டுமுறை சொன்னார். பொடியன்கள் தலையாட்டினார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து எங்கள் மாணவர் கட்டிய முதல் முழுத் தோரணத்தைத் திண்ணையின் வளையில் தூக்கிப் பிடித்தபோது, அத்தனை குருவியும் தலைகீழாக நிலத்தைப் பார்த்தன. கிழவர் ஒன்றும் பேசவில்லை. முடிச்சை அவிழ்த்து, குருத்தை நீவி நேராக்கி, "தம்பிமார், இனித் துவங்குங்கோ" என்று திருப்பிக் கொடுத்தார்.